டூரிங் பைக் வாங்கப் போறீங்களா? சிசியைப் பார்க்கும் முன்னாடி, வண்டி ஆடாம ஓடுதான்னு பாருங்க!



"சார், லாங் ரைடு போக ஒரு பைக் வாங்கணும். பட்ஜெட் 3 லட்சம். எது வாங்கலாம்?"

மியூச்சுவல் ஃபண்ட், டேர்ம் இன்ஷூரன்ஸ் பத்திப் பேசுற நம்ம சேனலில் இந்தக் கேள்வியும் அடிக்கடி வருது. வரட்டும், தப்பே இல்ல. வீடு, காருக்கு அடுத்தபடியா நம்மில் பல பேர் ஒரே மூச்சில் போடுற பெரிய தொகை இதுதான். அதுவும் பெரும்பாலும் இ.எம்.ஐ.யில்.

இந்தக் கேள்விக்கு வழக்கமா வர்ற பதில் என்ன? சிசி எவ்வளவு, பவர் எவ்வளவு, டாப் ஸ்பீடு எவ்வளவு, மைலேஜ் எவ்வளவு. பின்னாடி மனைவியை உட்கார வெச்சுக்கிட்டு, பையும் பெட்டியும் கட்டிக்கிட்டு, எட்டு மணி நேரம் ஓட்டும்போது அந்த வண்டி எப்படி நடந்துக்கும்னு யாரும் சொல்றதில்ல. லாங் ரைடில் உங்க உயிரும், உங்க முதுகும், உங்க பணமும் அந்த ஒரு விஷயத்தை நம்பித்தான் இருக்கு. அதனால இன்னைக்கு ஹேண்டிலிங், ஸ்டெபிலிட்டி ரெண்டையும் எளிமையா புரிஞ்சுக்கிட்டு, அதுக்கு எவ்வளவு காசு கொடுக்கலாம்னு கணக்குப் போட்டுப் பார்த்துடலாம்.

நான் பட்ட அனுபவம்

2022 ஆடி மாசம். நானும் மனைவியும் மதுரையிலிருந்து நாகர்கோவில் போறோம். வண்டி வாங்கி ஆறு மாசம்தான் ஆகியிருந்தது. எந்தக் கம்பெனி வண்டின்னு இங்க தேவையில்ல, ஏன்னா தப்பு வண்டி மேல இல்ல, என் மேலதான். டாப் பாக்ஸ், க்ராஷ் கார்டு, ஃபாக் லைட், உயரமான வைஸர்னு மொத்தம் 38,000 ரூபாய்க்கு ஆக்சஸரீஸ் போட்டிருந்தேன். பார்க்க அசல் டூரிங் பைக் மாதிரியே இருக்கும்.

பணகுடி தாண்டி காவல்கிணறு பக்கம் போறப்ப காற்று அடிக்க ஆரம்பிச்சது. அந்தப் பக்கம் போனவங்களுக்குத் தெரியும், ஆரல்வாய்மொழி கணவாய் வழியா மேற்கிலிருந்து வர்ற காற்று சும்மா இல்ல. அதை நம்பித்தான் முப்பந்தல் சுற்றிலும் அத்தனை காற்றாலை நட்டு வெச்சிருக்காங்க. வலது பக்கக் காற்றுக்கு ஈடுகொடுக்க வண்டியை லேசா வலது பக்கம் சாய்ச்சே ஓட்டிக்கிட்டிருந்தேன். வேகம் 95. அந்தச் சமயத்தில் ஒரு பஸ் என்னை வலது பக்கமா ஓவர்டேக் பண்ணுச்சு. பஸ் மறைச்சதும் காற்று ஒரு நொடி நின்னுபோச்சு, வண்டி தானா பஸ் பக்கம் போச்சு. பஸ் கடந்ததும் காற்று மறுபடியும் அறைஞ்சது. அவ்வளவுதான், ஹேண்டில்பார் இடதும் வலதுமா உதற ஆரம்பிச்சிடுச்சு. பின்னாடி மனைவி சட்டையை இறுக்கிப் பிடிச்சது இன்னும் ஞாபகம் இருக்கு. அஞ்சாறு நொடிதான் இருக்கும். ஆக்ஸிலரேட்டரை மெதுவா விட்டதும் அடங்கிடுச்சு.

ஓரமா நிறுத்தி, கொஞ்ச தூரத்தில் இருந்த பஞ்சர் கடைக்கு உருட்டிக்கிட்டே போனோம். பின் டயரில் 32 இருக்க வேண்டிய காற்று 24-தான் இருந்தது. கடைக்காரர் டாப் பாக்ஸைத் தூக்கிப் பார்த்துட்டுக் கேட்டார்: "பொட்டிய இப்பிடி வால்ல கட்டி வச்சிருக்கீயளே அண்ணாச்சி, முன்வீல் எப்பிடி தரையப் பிடிக்கும்?"

பெட்டியில் இருந்த கனமான சாமான்களை எடுத்து டேங்க் மேலயும் சீட்டின் ரெண்டு பக்கமும் பிரிச்சுக் கட்டினோம். பின் சஸ்பென்ஷனின் பிரீலோடை ரெண்டு படி ஏத்தினார். காற்று நிரப்பினார். ரிட்டர்னில் அதே ரோடு, அதே காற்று, வேகம் மட்டும் 75. வண்டி கல்லு மாதிரி போச்சு. செலவு? காற்றுக்கு 20 ரூபாய். நான் 38,000 ரூபாய் போட்டு வாங்க நினைச்சது அந்த 20 ரூபாயில் கிடைச்சது.

இந்த ஒரு சம்பவத்தில்தான் இன்றைய பாடம் முழுக்க இருக்கு.

ஸ்டெபிலிட்டின்னா என்ன? ஹேண்டிலிங்னா என்ன?

ரெண்டும் ஒண்ணுன்னு நினைக்கிறோம். இல்ல. நேர் ரோட்டில் காற்று அடிச்சாலும், குழியில் இறங்கினாலும், வண்டி தன் பாதையைத் தானே பிடிச்சுக்கிட்டுப் போறது ஸ்டெபிலிட்டி. நீங்க திருப்பணும்னு நினைச்சதும் மறுப்புச் சொல்லாம திரும்புறது ஹேண்டிலிங். ஒண்ணு கூடினா இன்னொண்ணு கொஞ்சம் குறையும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவிலும் சூப்பர், நான்கு வழிச்சாலையிலும் சூப்பர்னு ஒரு வண்டி நூத்துக்கு நூறு மார்க் வாங்காது. உங்க பயணம் எதில் அதிகம்னு தெரிஞ்சாத்தான் எதுக்குக் காசு கொடுக்கணும்னு தெரியும்.

இதை முடிவு பண்றது முக்கியமா ஆறு விஷயம்:

1. வீல்பேஸ். முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் நடுவில் உள்ள தூரம். நீளமா இருந்தா நேரா போகும், திரும்ப நேரம் எடுக்கும். குறைவா இருந்தா சட்டுனு திரும்பும், நேர் ரோட்டில் கொஞ்சம் துறுதுறுன்னு இருக்கும்.

2. டிரெயில். ஆஃபீஸ் நாற்காலியின் அடியில் இருக்கிற சின்னச் சக்கரத்தைப் பாருங்க. தள்ளினதும் தானா பின்னாடி திரும்பி நேராகிடும். பைக்கின் முன் சக்கரமும் அப்படித்தான். ஃபோர்க் சாய்ஞ்சு இருக்கிறதால, ஹேண்டில் திரும்புற அச்சுக்கோட்டை தரை வரைக்கும் நீட்டினா அது டயர் தரையைத் தொடுற இடத்துக்கு முன்னாடி போய் விழும். அந்த இடைவெளிதான் டிரெயில். இது கூடினா ஹேண்டில் தானா நேராகும் குணம் கூடும். க்ரூசர் வண்டிகள் ஹைவேயில் நிம்மதியா போறதுக்கு இது ஒரு காரணம்.

3. முன் சக்கரத்தின் அளவு. 17 இன்ச் சக்கரம் வளைவில் சட்டுனு சாயும், குழியில் டமார்னு விழும். 21 இன்ச் சக்கரம் குழியை ஏறிக் கடந்துடும், ஆனா திருப்ப கொஞ்சம் உழைக்கணும். 19 இன்ச் ரெண்டுக்கும் நடுவில்.

4. எடையும் அது இருக்கிற உயரமும். எடை கூடின வண்டியைப் பக்கக் காற்று அவ்வளவா அசைக்காது. அதே எடை உயரத்தில் இருந்தா, மெதுவா ஓட்டும்போதும் பார்க்கிங் போடும்போதும் அதுவே எதிரி.

5. சஸ்பென்ஷன். ஆள் ஏறினதும் பின்பக்கம் ரொம்ப அமுங்கினா முன்பக்கம் தூக்கிக்கும், முன் டயரின் பிடி குறையும். பிரீலோடு அட்ஜஸ்ட்மென்ட் இருக்கிறது இதுக்குத்தான். நம்மில் பல பேர் வண்டி வாங்கின நாளிலிருந்து அதைத் தொட்டதே இல்ல.

6. டயரும் சாமான் கட்டுற இடமும். இது வண்டி கம்பெனி கையில் இல்ல, நம்ம கையில்.

கடைசி விஷயத்துக்கு ஒரு சின்னக் கணக்கு. டாப் பாக்ஸும் சாமானும் சேர்த்து 20 கிலோ. அது பின் சக்கர மையத்துக்கு 35 செ.மீ. பின்னாடி இருக்கு. வீல்பேஸ் 1.4 மீட்டர். அப்போ முன் சக்கரத்தின் மேல் இருந்த எடையில் 5 கிலோ குறையும், பின் சக்கரத்துக்கு 25 கிலோ கூடும். ஊஞ்சல் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தா மறுமுனை தூக்குற அதே கதை. அதுவும் பெட்டி உயரத்தில் இருக்கிறதால பாய்மரம் மாதிரி காற்றையும் வாங்கும்.

இப்போ வண்டிகளைப் பார்க்கலாம்

நான்கு புது வண்டி, ஒரு செகண்ட் ஹேண்ட் வண்டி எடுத்துக்கிறேன். விலை மாறிக்கிட்டே இருக்கும், அதனால தோராயமா மட்டும் சொல்றேன். ஆன்-ரோடு கொட்டேஷனை நீங்க ஷோரூமில் எழுத்தில் வாங்குங்க.

ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350: 349 சிசி, சுமார் 20 எச்.பி., 191 கிலோ, சீட் உயரம் 765 மி.மீ., வீல்பேஸ் 1,400 மி.மீ., டேங்க் 15 லிட்டர், முன் 19 இன்ச், பின் 17 இன்ச், ட்யூப்லெஸ் டயர்.

இந்த லிஸ்ட்டில் வீல்பேஸ் குறைவு இதுக்குத்தான். ஆனா 70, 80 வேகத்தில் இது ஆடாது. எடை தாழ்வா இருக்கு, க்ரூசர் ஃபோர்க் அமைப்பு நேர்கோட்டைப் பிடிச்சுக்கும். ஒரே ஒரு நம்பரை வெச்சு வண்டியை எடை போடக் கூடாதுங்கறதுக்கு இதுவே உதாரணம். குறை என்னன்னா, 20 எச்.பி.யில் ரெண்டு பேரும் சாமானும் ஏறினா ஓவர்டேக் பண்ணும்போது யோசிச்சுத்தான் பண்ணணும். பின் சஸ்பென்ஷனுக்கு அசைவு தூரம் குறைவுங்கறதால மோசமான ரோட்டில் முதுகுக்கு நேரா வரும். விலை 2 லட்சத்தை ஒட்டி.

சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ்: 249 சிசி, சுமார் 26 எச்.பி., 167 கிலோ, சீட் உயரம் 835 மி.மீ., வீல்பேஸ் 1,440 மி.மீ., டேங்க் 12 லிட்டர், 19/17 இன்ச்.

இந்த லிஸ்ட்டில் லேசான வண்டி. வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் இதை ஓட்டிப் பார்த்தா விட மனசு வராது. நிமிர்ந்து உட்காரலாம், ஹேண்டில் அகலம், திருப்ப பலம் வேண்டாம். ஆனா உயரமும் லேசும் சேர்ந்ததால பலமான பக்கக் காற்றில் கொஞ்சம் அலையும். 5 அடி 5 அங்குலத்துக்குக் கீழே உயரம் இருக்கிறவங்க ரெண்டு காலும் தரையில் படுதான்னு பார்த்துட்டு வாங்குங்க. இதுவும் 2 லட்சத்தை ஒட்டித்தான்.

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450: 452 சிசி, 40 எச்.பி., 196 கிலோ, சீட் உயரம் 825 மி.மீ.யிலிருந்து, வீல்பேஸ் 1,510 மி.மீ., டேங்க் 17 லிட்டர், 21/17 இன்ச்.

நீளமான வீல்பேஸ், பெரிய முன் சக்கரம், முன்னும் பின்னும் 200 மி.மீ. சஸ்பென்ஷன் அசைவு. ரோடே இல்லாத இடத்துக்கும் போற ஆளுக்கான வண்டி. குண்டும் குழியுமான ரோட்டில் மத்த வண்டிக்காரங்க பிரேக் பிடிக்கிற இடத்தில் இது அப்படியே போகும். ஆனா முன் டயர் 90 மி.மீ. அகலம்தான், மலைப்பாதை வளைவில் வேகமா சாய்க்கணும்னா பழகணும். ஸ்போக் வீலில் ட்யூப் டயர், ட்யூப்லெஸ் ரெண்டும் உண்டு. லாங் ரைடுக்கு ட்யூப்லெஸ் கேட்டு வாங்குங்க. நடுராத்திரி ஹைவேயில் சக்கரத்தைக் கழட்டி பஞ்சர் போடுற கஷ்டம் ஒரு தடவை பட்டவங்களுக்குத் தெரியும். விலை 3 லட்சத்துக்கு மேல.

ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியார் 650: 648 சிசி, 47 எச்.பி., 241 கிலோ, சீட் உயரம் 740 மி.மீ., வீல்பேஸ் 1,500 மி.மீ., டேங்க் 15.7 லிட்டர், 19/16 இன்ச்.

நேர் ரோட்டில் இந்த அஞ்சில் ராஜா இதுதான். நீளம், எடை, தாழ்வு மூணும் சேர்ந்திருக்கு. பஸ் காற்று அடிச்சாலும் பெருசா கவலைப்படாது. ஆனா பின் சக்கர அசைவு 101 மி.மீ.தான். தரை இடைவெளி 135 மி.மீ.தான். பின்னாடி ஆளோட நம்ம ஊர் வேகத்தடையில் ஏறினா அடியில் உரசும் பயம் உண்டு. 241 கிலோவை சரிவான பார்க்கிங்கில் பின்னால் தள்ளிப் பாருங்க, அப்புறம் அட்வான்ஸ் கொடுங்க. விலை 4 லட்சத்தை ஒட்டி.

பஜாஜ் டாமினார் 400 (செகண்ட் ஹேண்ட்): 373 சிசி, 40 எச்.பி., வீல்பேஸ் 1,453 மி.மீ., டேங்க் 13 லிட்டர், ரெண்டு பக்கமும் 17 இன்ச். 2019-க்கு அப்புறம் வந்ததில் முன் ஃபோர்க் தலைகீழ் டைப், முன்பு இருந்ததை விட உறுதி.

பாதிக் காசில் நல்ல ஹைவே ஸ்டெபிலிட்டி வேணும்னா இதைத் தேடலாம். அகலமான 17 இன்ச் டயர் தார் ரோட்டில் நல்லா பிடிக்கும். மண் ரோட்டில் சுமார்தான். வாங்கும்போது ஸ்டீயரிங் பேரிங்கில் ஆட்டம் இருக்கான்னு பாருங்க: சென்டர் ஸ்டாண்டோ ஜாக்கியோ போட்டு முன் சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை மெதுவா திருப்புங்க. நடுவில் 'டக்'னு மாட்டினா பேரிங் போச்சுன்னு அர்த்தம். ஃபோர்க்கில் ஆயில் கசிவு, டயரின் தயாரிப்புத் தேதி ரெண்டும் கட்டாயம் பாருங்க.

350 சிசி என்கிற கோடு

இனி பணக் கணக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரைக்கும் உள்ள பைக்குக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆச்சு. 350-ஐத் தாண்டினா 40 சதவீதம். வரி இல்லாத விலை 2 லட்சம்னு வெச்சுக்கங்க. 349 சிசியா இருந்தா 2,36,000. 351 சிசியா இருந்தா 2,80,000. வெறும் வரியிலேயே 44,000 வித்தியாசம்.

இதோட முடியல. தமிழ்நாட்டில் 1 லட்சத்துக்கு மேல விலை உள்ள டூ வீலருக்கு ஆயுள் வரி 12 சதவீதம். அந்த 44,000-க்கும் சேர்த்து இன்னொரு 5,280 ரூபாய் வரிக்கு மேல வரி.

அடுத்து இன்ஷூரன்ஸ். புது டூ வீலருக்கு அஞ்சு வருஷத்துக்கு தேர்டு பார்ட்டி கட்டாயம். 2022 ஜூனில் அமலுக்கு வந்த கட்டணப்படி 150-லிருந்து 350 சிசி வரை 7,365 ரூபாய், 350-க்கு மேல 15,117 ரூபாய். ஜி.எஸ்.டி. தனி. அதாவது 350-ஐத் தாண்டின உடனே ரெண்டு மடங்கு.

செகண்ட் ஹேண்ட் டாமினாரை லிஸ்ட்டில் சேர்த்த காரணம் இப்போ புரியுதா? ஒரு தனி நபர்கிட்ட இருந்து நேரா வாங்கினா இந்த 40 சதவீதக் கதையே கிடையாது.

ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு?

உங்ககிட்ட 2 லட்ச ரூபாய் வண்டியா, 3.5 லட்ச ரூபாய் வண்டியான்னு குழப்பம்னு வெச்சுப்போம். வித்தியாசம் 1,50,000. ஆயுள் வரி வித்தியாசம் 18,000. தேர்டு பார்ட்டி வித்தியாசம் ஜி.எஸ்.டி.யோட சுமார் 9,150. ஆக 1,77,000 ரூபாய் கூடுதல். ஓன் டேமேஜ் பிரீமியத்தை இதில் சேர்க்கவே இல்ல.

இதைக் கடனாவே வாங்கினா, 11 சதவீத வட்டி, 36 மாசம்: மாசம் சுமார் 5,800 ரூபாய், மொத்த வட்டி சுமார் 31,600.

அஞ்சு வருஷம் கழிச்சு விற்கிறீங்க. இன்ஷூரன்ஸ் கணக்கில் நாலு முதல் அஞ்சு வருஷ வண்டிக்கு 50 சதவீதத் தேய்மானம். அதே அளவை எடுத்துக்கிட்டா, அந்த 1,50,000-ல் 75,000 திரும்பக் கிடைக்கும். நிகரச் செலவு சுமார் 1,02,000. கடன் வட்டியும் சேர்த்தா 1,33,600.

இப்போ முக்கியமான கேள்வி. வருஷத்துக்கு எத்தனை கிலோமீட்டர் லாங் ரைடு போவீங்க? மனசில் போறதைச் சொல்லாதீங்க, போன ரெண்டு வருஷம் உண்மையா போனதைச் சொல்லுங்க.

- வருஷத்துக்கு 4,000 கி.மீ. போனா, அஞ்சு வருஷத்தில் 20,000 கி.மீ. கடன் இல்லாம வாங்கினா கி.மீ.க்கு சுமார் 5 ரூபாய் 10 காசு கூடுதல். கடனில் வாங்கினா 6 ரூபாய் 70 காசு.
- வருஷத்துக்கு 10,000 கி.மீ. போனா, 50,000 கி.மீ. கடன் இல்லாம சுமார் 2 ரூபாய். கடனில் 2 ரூபாய் 70 காசு.
- வருஷத்துக்கு 1,500 கி.மீ.தான்னா, 7,500 கி.மீ. கடன் இல்லாம 13 ரூபாய் 60 காசு. கடனில் கிட்டத்தட்ட 18 ரூபாய்.

பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், மைலேஜ் 30-னு வெச்சா பெட்ரோல் செலவே கி.மீ.க்கு 3 ரூபாய் 33 காசுதான். லிட்டருக்கு ரெண்டு கி.மீ. மைலேஜ் குறைஞ்சா நாம பதறுறோம். ஆனா வருஷத்துக்கு ரெண்டு ட்ரிப் போறதுக்காக கி.மீ.க்கு 18 ரூபாய் கூடுதலா கொடுக்கிறது கண்ணுக்கே தெரியறதில்ல!

வருஷத்துக்கு ரெண்டே ட்ரிப்னா வாடகை பைக்கும் ஒரு வழி. நாளுக்கு 1,500 ரூபாய்னு வெச்சாலும் பத்து நாளுக்கு 15,000. அஞ்சு வருஷத்துக்கு 75,000. சர்வீஸ், டயர், இன்ஷூரன்ஸ் தலைவலி இல்ல. கருப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்கிற, முறையா வாடகைக்குப் பதிவான வண்டியை மட்டும் எடுங்க. சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு எடுத்து விபத்து ஆனா இன்ஷூரன்ஸ் கிளெய்ம் சிக்கல்.

80 கி.மீ. வேகத்துக்கு எத்தனை எச்.பி. வேணும்?

2018-ல் மத்திய அரசு அறிவிச்ச வேக வரம்புப்படி, நடுவில் தடுப்பு இருக்கிற நான்கு வழிச்சாலையில் பைக்குக்கு 80 கி.மீ. அதுக்கு மேல போறது சட்டப்படியும் தப்பு. நான் அன்னைக்கு 95-ல் போனதும் தப்புதான், அதை மறைக்கல.

இதைப் பணத்தோட சேர்த்து யோசிங்க. 80 கி.மீ. வேகத்தில் போக 20 எச்.பி. போதும். 47 எச்.பி. எதுக்கு? ஆள், சாமானோட மலை ஏற, சட்டுனு ஓவர்டேக் முடிக்க, என்ஜின் அலறாம போக. அது வசதி. ஆனா 80-ல் காற்று அடிக்கும்போது ஆடாம போறது, மழையில் பிரேக் பிடிச்சா வழுக்காம நிற்கிறது, இது தேவை. முதலில் தேவைக்குக் காசு ஒதுக்குங்க. மிச்சம் இருந்தா வசதிக்கு. நம்ம பட்ஜெட் வீடியோவில் அடிக்கடி சொல்ற அதே விதிதான்.

இருக்கிற வண்டியிலேயே என்ன செய்யலாம்?

புது வண்டிக்கு முன்னாடி இதையெல்லாம் செஞ்சு ஒரு ட்ரிப் போய்ட்டு வாங்க:

- காற்று. காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்க. பின்னாடி ஆள் இருந்தா எவ்வளவுன்னு வண்டியோட புத்தகத்தில் தனியா போட்டிருக்கும். ஒரு பிரஷர் கேஜ் சில நூறு ரூபாய்தான்.
- பிரீலோடு. ஆளோட போறப்ப ஏத்துங்க, தனியா போறப்ப இறக்குங்க. செலவு ஒண்ணும் இல்ல.
- சாமான். கனமானது முன்னாடி, தாழ்வா, நடுவில். டாப் பாக்ஸில் ரெயின்கோட், துணி மாதிரி லேசானது மட்டும். ரெண்டு பக்கப் பைகளும் ஒரே எடை இருக்கணும்.
- டயர். ரப்பர் நடுவில் தட்டையா தேய்ஞ்சிருந்தா, நல்ல வண்டியும் வளைவில் தயங்கும். டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2223-ன்னா 2023-ம் வருஷம் 22-வது வாரம் செஞ்சது. ஒரு ஜோடி நல்ல டயருக்கு ஆகிற செலவு, புது வண்டியின் ரெண்டு மூணு இ.எம்.ஐ.க்குள்ள முடிஞ்சிடும்.
- ஃபோர்க் ஆயில், ஸ்டீயரிங் பேரிங், ஸ்விங் ஆர்ம் புஷ். பழைய வண்டி ஆடுதுன்னா பெரும்பாலும் காரணம் இதில் ஒண்ணாதான் இருக்கும்.

ஆக்சஸரீஸ் போட்டா இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லி பாலிசியில் சேர்த்துக்கங்க. சொல்லாம போட்ட பெட்டிக்கும் லைட்டுக்கும் கிளெய்ம் கிடைக்காது. ஜீரோ டெப் இல்லாட்டி ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதித் தொகைதான் வரும், மீதி உங்க பாக்கெட்டிலிருந்து.

ஹேண்டில் உதற ஆரம்பிச்சா என்ன செய்யணும்னும் தெரிஞ்சுக்கங்க. சடார்னு பிரேக் பிடிக்காதீங்க. ஹேண்டிலை இறுக்கிப் பிடிச்சு அடக்கப் பார்க்காதீங்க, கையைத் தளர்வா வைங்க. முழங்காலால் டேங்கை இறுக்குங்க, உடம்பை லேசா முன்னாடி சாய்ங்க, ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமா விடுங்க. வேகம் இறங்கினதும் அடங்கிடும்.

டெஸ்ட் ரைடில் என்ன பார்க்கணும்?

ஷோரூம் பின்னாடி இருக்கிற சந்தில் ஒரு ரவுண்டு போய்ட்டு வந்து 3 லட்சத்துக்குக் கையெழுத்துப் போடாதீங்க. அரை மணி நேரம் கேளுங்க. கூட வர்றவங்களையும் அழைச்சுக்கிட்டுப் போங்க, அவங்கதான் பாதிப் பயணி.

1. ஆள் பின்னாடி இருக்க, நடக்கிற வேகத்தில் ஒரு யூ-டர்ன் அடிங்க. கால் ஊன்ற பயம் வந்தா மலைப்பாதையிலும் வரும்.
2. பைபாஸில் 70, 80-ல் போய் பாலத்தின் இணைப்புப் பட்டையில் ஏறுங்க. ஒரு குலுக்கலில் அடங்குதா, ரெண்டு மூணு தடவை ஆடுதா?
3. பின்னாடி யாரும் வராத இடத்தில் அழுத்திப் பிரேக் பிடிங்க. முன்பக்கம் ரொம்ப மூழ்குதா? ரெண்டு சக்கரத்துக்கும் ஏ.பி.எஸ். இருக்கா?
4. பின்னாடி உட்கார்ந்தவங்ககிட்ட கேளுங்க: முட்டி வலிக்குதா, பிடிக்க இடம் இருக்கா?
5. இறங்கி, வண்டியைத் தனியா பின்னாடி தள்ளிப் பாருங்க.

அப்போ யாருக்கு எது?

வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு ட்ரிப்: இருக்கிற வண்டியைச் சரிபண்ணுங்க, இல்ல வாடகைக்கு எடுங்க. மிச்சப் பணத்தை எஸ்.ஐ.பி.யில் போடுங்க.

ஜோடியா, நிதானமா, பெரும்பாலும் ஹைவே: மீட்டியார் 350. வரிக்கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிறது பெரிய லாபம்.

தனியா, மலைப்பாதை அதிகம்: வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ்.

வருஷத்துக்கு 8,000, 10,000 கி.மீ. உண்மையா போறவங்க, மோசமான ரோடும் உண்டு: ஹிமாலயன் 450. அந்தக் கூடுதல் காசுக்கு அர்த்தம் இருக்கு.

பட்ஜெட் குறைவு, நல்லா பார்த்து வாங்கத் தெரியும்: செகண்ட் ஹேண்ட் டாமினார் 400.

கடன் இல்லாம வாங்க முடியும், ஜோடியா ரொம்ப தூரம் ஹைவே: சூப்பர் மீட்டியார் 650. இ.எம்.ஐ. போட்டுத்தான் முடியும்னா, இன்னும் ரெண்டு வருஷம் பொறுங்க.

ஒண்ணு மட்டும் கடைசியா. எந்த வண்டி வாங்கினாலும், ரெண்டு பேருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள நல்ல ஹெல்மெட், உங்களுக்கு 15 லட்ச ரூபாய் பெர்சனல் ஆக்ஸிடென்ட் கவர், குடும்பத்துக்கு ஹெல்த் இன்ஷூரன்ஸ், சம்பாதிக்கிற ஆளுக்கு டேர்ம் இன்ஷூரன்ஸ். இந்த நாலும் ஆன-அப்புறம்தான் வண்டி பட்ஜெட். அன்னைக்குக் காவல்கிணறு பக்கத்தில் அந்த அஞ்சாறு நொடியில் எனக்கு எத்தனை சிசி, எத்தனை எச்.பி.ங்கறது ஞாபகம் வரல. வீட்டில் விட்டுட்டு வந்த பையன் முகம்தான் வந்தது.

நாளைக்குக் காலையில் ஒரே ஒரு வேலை பண்ணுங்க. வண்டியை எடுக்கிறதுக்கு முன்னாடி டயரில் காற்று எவ்வளவு இருக்குன்னு பாருங்க. அடுத்த வீடியோவில் ஜீரோ டெப், டூ வீலர் கிளெய்ம் பத்தி விவரமா பேசலாம். பத்திரமா போய்ட்டு வாங்க!